எடைமேடைக்கு அடியில்

மழை பிடித்த வாரத்திலிருந்து அந்த வீட்டில் புருஷனும் பொண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எல்லாப் பேச்சும் மாமியார் வழியாகத்தான் போய்வந்தது.

"சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேளுங்க அத்தை" என்பாள் மருமகள். கேட்கப்பட வேண்டியவன் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

"எடுத்து வைக்கட்டுமான்னு கேக்கறாடா."

"பசியில்லைன்னு சொல்லும்மா."

"பசியில்லையாம்."

"அப்புறமா எந்திரிச்சு வந்து பாத்திரத்தை உருட்டாம இருந்தா சரின்னு சொல்லுங்க."

மாமியாருக்கு முதல் இரண்டு நாள் இது தலைவேதனையாக இருந்தது. போகப் போகப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் அவளிடம் இத்தனை தடவை வாய் திறந்து பேசியதே கிடையாது. வந்த சேதியை அப்படியே கொடுக்காமல், கொஞ்சம் உப்பைக் குறைத்தோ காரத்தைக் கூட்டியோ பரிமாறவும் பழகிவிட்டாள்.

சண்டைக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மருமகள் எடை மெஷின் மெக்கானிக். முன்பு ஒரு எடை மெஷின் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகப் பட்டறை போட்டிருந்தாள். தெருவில் 'தராசுக்காரி' என்றால்தான் தெரியும். புருஷன் தக்காளிக் கூழ் ஃபாக்டரியில் வெல்டர். அவனுடைய அக்கா வீட்டு விருந்தில் யாரோ, "உன் பொண்டாட்டி என்ன வேலைப்பா பாக்கறா?" என்று கேட்க, அவன் வாயில் சனி புகுந்து, "சும்மா டப்பாவைத் திறந்து திருகை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி மூடுவா" என்றான். பந்தியே சிரித்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. "நான் திருகறதாவது நிக்குது. இவரு ஒட்டறது வீடு வந்து சேர்றதுக்குள்ள விட்டுப்போகுது" என்றாள். பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. அன்றோடு இருவர் வாயிலும் பூட்டு.

அந்தப் பூட்டோடுதான் தக்காளி சீசன் வந்தது.

சீசன் என்றால் அந்த ஊர்ப்பக்கமே சிவந்துபோகும். ராத்திரி மழை, பகலில் சுள்ளென்று வெயில். சாலையெல்லாம் தக்காளி லாரி. ஃபாக்டரி வாசலில் ஒரே ஒரு எடைமேடை. லாரி சுமையோடு ஏறி, இறக்கிவிட்டு வெறுமையாக மறுபடி ஏறிப் போனால்தான் விவசாயிக்குக் கணக்கு. அந்த மேடை நின்றால் எல்லாம் நிற்கும். தக்காளி நிற்காது, அழுகும்.

ஒருநாள் காலை மேடை நின்றது.

ஃபாக்டரி மேனேஜர் போனில் கூப்பிட்டபோது தராசுக்காரி பல்தேய்த்துக்கொண்டிருந்தாள். "மேடையில ஒரு ஈ கூட இல்லம்மா. டிஸ்பிளே ரெண்டு டன்னுங்குது, மூணு டன்னுங்குது, மைனஸ்ல போகுது. பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. லாரி மெயின் ரோடு வரைக்கும் நிக்குது. கம்பெனிக்காரன் வர ரெண்டு நாள் ஆகுமாம்."

"வர்றேன் சார். ஒண்ணு மட்டும் செய்யுங்க. சேறு இருக்குன்னு சொல்லி யாரும் பைப்பைப் பிடிச்சுத் தண்ணி அடிக்க வேண்டாம்."

"காலையிலயே அடிச்சுட்டாங்கம்மா."

அவள் பையில் மீட்டர், திருப்புளி, ஸ்பேனர், தகடு, பழைய துணி எல்லாம் போட்டாள். கடைசியில் ஹேர் டிரையரையும் போட்டாள். மாமியார் வாசலில் நின்று பார்த்தாள். "என் தலைக்கு அதை ஒரு நாள் காட்டினதில்ல. லாரி ஏறற மேடைக்கு யோகத்தைப் பாரு."

ஃபாக்டரி வாசலில் லாரிகள் வரிசை பிடித்து நின்றன. அடுக்குக் கூடைகளின் அடியிலிருந்து சாறு சொட்டித் தார்ச்சாலையில் ஓடியது. ஈயும் குளவியும் மொய்த்தன. முதலாவதாக நின்ற லாரியின் டிரைவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். கத்திக் கத்திக் குரல் கரகரத்துப் போனவர். "அம்மா, இதை நான் பழமா இறக்குவேனா, சாறா இறக்குவேனா? அதை மட்டும் சொல்லுங்க."

"பழமாவே இறக்குங்க. கொஞ்சம் பொறுங்க."

மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். மேடைக்கும் சுற்றுச் சுவருக்கும் நடுவே விரல் போகும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். சேறும் தக்காளித் தோலும் சேர்ந்து அதைச் சிமெண்ட் போட்டது போல அடைத்திருந்தது. தகட்டை விட்டு நெம்பி நெம்பி எடுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த சுமைக்காரர்களும் ஆளுக்கொரு கம்பியோடு உட்கார்ந்துவிட்டார்கள். நாலு கூடை அழுக்கு வந்தது. மேடை மூச்சு விட்டது. டிஸ்பிளே மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

அடுத்தது ஜங்ஷன் பாக்ஸ். மேடையைத் தாங்கி எடையை அளக்கும் ஆறு லோட் செல்லின் ஒயர்களும் வந்து கூடும் டப்பா அது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. திறந்தாள். உள்ளே தண்ணீர் மினுங்கியது.

"காலையில அடிச்ச தண்ணி" என்றார் மேனேஜர் குற்றவாளிக் குரலில்.

"காலைத் தண்ணியும் இருக்கு, நேத்து மழையும் இருக்கு சார். லோட் செல்லுங்கறது லேசுப்பட்டதில்ல. முப்பது டன்னைச் சுமந்துட்டுச் சும்மா நிக்கும். ஆனா அதுலருந்து வர்ற கரண்டு கொசு மூச்சு மாதிரி. ஒரு சொட்டு ஈரம் பட்டாப் போச்சு, கணக்கு கலைஞ்சுடும்."

ஹேர் டிரையரைப் போட்டாள். பொறுமையாக, ஒவ்வொரு திருகாக, சூடு அதிகமாகாமல் காட்டினாள். பச்சை பிடித்த முனைகளைச் சுரண்டினாள். வெயில் முதுகைப் பொசுக்கியது. கடைசியில் சுவிட்சைப் போட்டபோது டிஸ்பிளே ஆட்டத்தை நிறுத்தியது. சுமைக்காரர்கள் கைதட்டினார்கள். கரகரக் குரல் லாரிக்காரர் எஞ்சினையே ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். ஆட்டம் நின்றதே தவிர, எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. காலி மேடை ஒரு டன்னுக்கு மேல் காட்டியது, அசையாமல்.

"ஆடறவனை நம்பலாம், ஆடாம பொய் சொல்றவனை நம்பக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு செல்லின் ஒயரையும் கழற்றி மீட்டர் வைத்தாள். ஐந்து செல்கள் ஒரே கணக்கைச் சொல்லின. நாலாவது மட்டும் வேறு ராகம் பாடியது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கினாள். குனிந்துதான் போக வேண்டும். மேலே இரும்புக்கூரை, கீழே சேறு, புளித்த தக்காளி வாடை. எலிக் கடி இருக்கிறதா என்று ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். இல்லை. நாலாவது செல்லுக்கு வந்து வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தாள். அதற்கு நேர் மேலே, மேடை விளிம்பில் புதிதாக ஒரு வெல்டிங். மீன் செதிலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, ஒரே சீராக, ஒரு இடத்தில்கூடக் கை நடுங்காமல்.

கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வது போல அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தச் செதில் இந்த ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் வரும்.

வெல்டிங் கரண்டு லோட் செல் வழியாகப் பாய்ந்தால் அது உயிரோடு இருக்காது. எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ தூரத்தில் மாட்டினால் கரண்டு வழி தேடிச் செல்லுக்குள் நுழைந்து போகும். மேனேஜர் காரணம் கேட்பார். என்ன சொல்வது?

குழி வாயில் இருட்டியது. யாரோ இறங்கினார்கள். அந்த பூட்ஸை அவளுக்குத் தெரியும்.

வெல்டர் குனிந்து வந்து, பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் டார்ச் வெளிச்சத்தை இருவரும் பார்த்தார்கள். சேதி கொண்டுபோக அங்கே மாமியார் இல்லை.

"என்னாலயா?" என்றான்.

அவள் வெல்டிங்கின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, "எர்த் எங்க மாட்டினீங்க?" என்றாள்.

"அந்தக் கடைசிச் சட்டத்துல. அடித்தளத்துல."

"இத்தனை வருஷம் என்கூட இருந்துட்டு..."

"நீதானே சொன்ன?"

"நானா? என்ன சொன்னேன்?"

"நேத்து காலையில அம்மாகிட்டக் கேக்கச் சொன்னேனே. ஒயரை எந்தப் பக்கம் மாட்டணும்னு. எங்க வசதியோ அங்க மாட்டிக்கச் சொல்லுன்னு நீதான் சொல்லி அனுப்பின. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அப்புறம், நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாட்டிட்டேன்."

அவளுக்கு நேற்றுக் காலை ஞாபகம் வந்தது. கையில் ஈரத் துணி வாளி. மாமியார் வந்து, "ஒயரை எந்தப் பக்கம் மாட்டணும்னு கேக்கறான்" என்றாள். காற்றில் துணிக்கொடி அறுந்து நாலு நாளாகக் கிடந்தது.

"ஐயோ, அது துணி காயப்போடற ஒயருங்க!"

அவன் விளங்காமல் பார்த்தான். விளங்கியபோது வாய் கோணியது. முதலில் மூக்கால்தான் சிரித்தான். அவள் சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்த முடியவில்லை. இருவரும் அந்தக் குழிக்குள் தலையை இரும்பில் இடித்துக்கொண்டு இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேலே மேனேஜர் குனிந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு? உள்ளே சிரிக்கற மாதிரி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்" என்று இரண்டு குரலும் சேர்ந்து வந்தது.

சிரிப்பு அடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பந்தியில அத்தனை பேரு முன்னாடி டப்பா திருகறவன்னு சொன்னீங்க. இங்க நான் சொன்னேன்னு கண்ணை மூடிட்டு மாட்டியிருக்கீங்க" என்றாள்.

"சொன்னது வாய்" என்றான் அவன். "மாட்டினது நான்." கொஞ்சம் நிறுத்தி, "வாயை விடு. அது எங்கப்பா குடுத்த சொத்து."

அவள் டார்ச்சை மறுபடி செல்லின் பக்கவாட்டில் அடித்தாள். அங்கே இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் அருகே மேடையையும் அடித்தளத்தையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டை இருக்கும். தப்பித் தவறிக் கரண்டு வந்தாலும் செல்லை விட்டுவிட்டுப் பட்டை வழியாகப் போவதற்கு. மற்ற ஐந்திலும் இருந்தது. இதில் தக்காளிப் புளிப்பு அரித்து, பச்சைப் பொடியாக உதிர்ந்து தொங்கியது. போன தடவை இந்த மேடையைப் பரிசோதிக்க வந்தபோதே அதை அவள் பார்த்திருந்தாள். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"இந்தப் பட்டை மட்டும் இருந்திருந்தா நீங்க எங்க மாட்டியிருந்தாலும் செல் பொழைச்சிருக்கலாம்" என்றாள் மெதுவாக.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

மேலே ஏறி வந்ததும் வெல்டர் முந்திக்கொண்டான். "சார், எர்த்தைத் தப்பா மாட்டினது நான்தான். செல் போனதுக்கு நான்தான் காரணம்."

"பட்டை போனது தெரிஞ்சும் விட்டது நான் சார்" என்றாள் அவள்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டையெல்லாம் வியர்வை. "மழை வருதுன்னு சொன்னவனை, வந்தா வரட்டும், இன்னிக்கே ஒட்டிடுன்னு துரத்தினது நான். ஆளுக்கொரு பழியைத் தூக்கிட்டு நின்னா தக்காளியை யாரு தூக்கறது? ஓட வைக்க முடியுமா, அதைச் சொல்லுங்க."

"வேற செல் வேணும் சார். இதே கம்பெனி, இதே அளவு."

"அது வர ரெண்டு நாள்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு அடுப்படிக் கதவு நினைவுக்கு வந்தது.

பழைய எடைமேடை ஒன்றைப் பிரித்தபோது எடுத்து, சோதித்து, அவள் பத்திரமாக வைத்திருந்த செல் அது. உருளையாக, கனமாக, பளபளவென்று இருக்கும். மாமியார் அதைக் கண்டெடுத்து, காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் மறுபடி கதவடிக்கே போய்விடும்.

போன் போட்டாள். "அத்தை, அடுப்படிக் கதவுக்கு ஒரு இரும்பு முட்டுக் குடுத்திருக்கீங்களே, அது வேணும்."

"எது, அந்தக் குழவியா?"

"குழவியில்ல அத்தை, லோட் செல். ஒரு ஆட்டோ பிடிச்சு ஃபாக்டரிக்குக் கொண்டு வாங்க."

"அப்ப கதவுக்கு?"

"கதவு எங்கயும் ஓடிடாது. அத்தை, அதுக்கு வால் மாதிரி ஒயர் இருக்கும். வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. வளைக்காதீங்க. கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வாங்க."

மாமியார் சொன்ன சொல் மாறாமல், பழைய சேலையில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு வந்து இறங்கினாள். "மேடு பள்ளத்துல மெதுவாப் போன்னு சொன்னா ஆட்டோக்காரன், ஆணா பொண்ணான்னு கேக்கறான்" என்று திட்டிக்கொண்டே இறங்கினாள்.

தராசுக்காரி அங்கேயே மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஐந்து செல்களின் கணக்கையே இதுவும் சொன்னது.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. ஜாக்கியைப் பிடித்தவன் வெல்டர். முப்பதடி இரும்பை ஒரு மூலையில் ஒரு விரற்கடை தூக்க வேண்டும், அவ்வளவுதான். கூடத் தூக்கினால் மற்ற செல் சாயும், குறைத்தால் இது வெளியே வராது. அவள் குழிக்குள் கிடந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"இது போதுமா?"

"இன்னும் ஒரு மயிரிழை. ஆங். பிடிங்க. அசையாதீங்க."

"நான் அசையல. நீ விரலை எடு முதல்ல."

"எடுத்துட்டேன். இறக்குங்க. மெதுவா. மெதுவாங்க!"

"மெதுவாத்தான் இறக்கறேன், கத்தாதே."

மாமியார் குழி வாயில் உட்கார்ந்து இதைக் கேட்டாள். பதினைந்து நாளாகத் தன் வழியாகப் போன பேச்செல்லாம் இப்போது கரையை உடைத்துக்கொண்டு நேராக ஓடியது. இடையில் ஒரு தடவை, "அவன்கிட்ட ஸ்பேனர் கேக்கட்டுமா?" என்று உள்ளே எட்டிக் கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை.

செம்புப் பட்டைக்கு என்ன செய்வது என்று அவள் யோசிக்கையில், வெல்டர் தன் எர்த் கேபிளையே இழுத்துப்போட்டு ஒரு முழம் வெட்டினான். மேல்தோலை உரித்தான். உள்ளே தடித்த செம்பு வெயிலில் மின்னியது. இரண்டு முனையிலும் காதுபோல வளையம் நசுக்கி, மேடைக்கும் அடித்தளத்துக்கும் அவனே முறுக்கி மாட்டினான். "கேபிள் ஒரு முழம் குறைஞ்சுடுச்சு. இனிமே பக்கத்துல மாட்டறதைத் தவிர வேற வழியில்ல" என்றான்.

சோதனைக் கற்களை ஃபோர்க்லிஃப்ட் கொண்டுவந்தது. மேனேஜர் சொல்லியனுப்பிய, தராசுகளைச் சோதித்து அரசு முத்திரை வைக்கும் அதிகாரி அதற்குள் வந்து குடையை ஊன்றி நின்றிருந்தார். முதல் மூலையில் கல்லை வைத்தார்கள். சரியான எண். இரண்டாவது, மூன்றாவது, சரி. நாலாவது மூலையில் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

தராசுக்காரி ஜங்ஷன் பாக்ஸ் முன் மண்டியிட்டாள். உள்ளே கடுகளவு திருகு. திருப்புளியை வைத்து, மூச்சைப் பிடித்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு அசைத்தாள். மேற்கே மேகம் திரண்டு இடித்தது. சுமைக்காரர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

"ஷ்ஷ்" என்றான் வெல்டர், அந்த முற்றமே கேட்கும்படி. "சத்தம் போடாதீங்கப்பா. திருகறா."

டிஸ்பிளே ஏறி, ஏறி, கல்லின் எடையில் வந்து நின்றது. கல்லை எடுத்தார்கள். பூஜ்யம். ஆறு செல்லுக்கு மேலும் மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். அதிகாரி கண்ணாடியைத் தூக்கி ஒவ்வொரு எண்ணையும் பார்த்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியாது போல. முத்திரைக் கம்பியை எடுத்து டிஸ்பிளே பெட்டியில் முறுக்கி, ஈயத்தை நசுக்கிவிட்டு, "ஓட்டுங்க" என்று ஒரே ஒரு சொல் சொன்னார்.

புது ரப்பரை வைத்து மூடியின் கடைசித் திருகை அவள் முறுக்கியபோது முதல் துளி கையில் விழுந்தது. பிறகு கொட்டியது. யாரும் ஒதுங்க ஓடவில்லை. கரகரக் குரல் லாரிக்காரர் மெல்ல ஏற்றினார். முன் சக்கரம், பின் சக்கரம். மேடை வாங்கிக்கொண்டது. எண் ஓடி, ஒரு இடத்தில் நின்றது, அசையவில்லை.

"அசையல!" என்று கத்தினார் மேனேஜர். மனிதர் ஒரு குதி குதித்தேவிட்டார்.

லாரிக்காரர் ஹாரனை அமுக்கினார். பின்னால் நின்றவர் அமுக்கினார். அவருக்குப் பின்னால் நின்றவரும். மெயின் ரோடு வரைக்கும் அத்தனை லாரியும் மழைக்குள் சேர்ந்து ஊதியது. இடிச் சத்தம் கேட்கவில்லை.

அடுத்தது, அடுத்தது என்று லாரிகள் ஏறி இறங்கின. மூவரும் காவலாளி அறை ஓரத்தில் நனைந்த துணியோடு நின்று பார்த்தார்கள். லாரிக்காரர் வெறும் வண்டியை எடைபோட்டுத் திரும்பும்போது ஒரு கூடை நிறையப் பழம் இறக்கி வைத்தார். "பழமாவே இறக்கிட்டேன்மா" என்றார். மாமியார் முந்தானையில் துடைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். மழை ஈரத்தோடு கடித்தபோது சாறு முழங்கை வரை வழிந்தது. வெல்டரும் தராசுக்காரியும் கடித்துக்கொண்டே பேசினார்கள். பட்டைகளை எல்லாம் மாற்றிவிடுவது பற்றி, தண்ணீர் போகக் குழியில் வாய்க்கால் வைப்பது பற்றி, ஒருவர் முடிக்குமுன் மற்றவர் ஆரம்பித்தார்கள்.

அவள் போன் அடித்தது. மேற்குப் பக்கத்து மாவு மில்காரர். இங்கே நடந்தது அதற்குள் அங்கே போயிருந்தது. "எங்க தொட்டித் தராசும் ரெண்டு வாரமா ஒரு நாளைக்கு ஒரு எடை சொல்லுதும்மா. அதைத் தாங்கற இரும்புக்கால் வேற விரிசல் விட்டிருக்கு. நாளைக்கு வர முடியுமா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் வாயில் தக்காளியோடு தலையாட்டினான்.

"வர்றோம் சார்."

"கேட்ல பேர் குடுக்கணும். எத்தனை பேரு வர்றீங்க?"

"ரெண்டு பேரு சார். ஒரு மெக்கானிக், ஒரு வெல்டர்."

மாமியார் இன்னொரு பழத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, போன் பக்கம் எக்கிச் சத்தமாகச் சொன்னாள்: "மூணு பேருன்னு சொல்லு!"